கீறல் ஒன்றே, வழக்கு வேறு!
தில்லியில் சேதப்படுத்தப்படும் கார்களும் சேதத்தின் விலையைப் பார்க்கும் சட்டமும்

புது தில்லி: தலைநகர் தில்லியில் விலையுயர்ந்த கார் வைத்திருப்போர் பலருக்குக் காலையில் முதல் வேலை, வாசலில் நிற்கும் காரை ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பதுதான். கதவில் ஆணியால் இழுக்கப்பட்ட கீறல், உடைந்த பக்கவாட்டுக் கண்ணாடி, முகப்பிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட நிறுவனச் சின்னம், காற்று பிடுங்கப்பட்ட டயர் என ஏதேனும் ஒன்று கண்ணில் படக்கூடும். சில வேளைகளில் நான்கு சக்கரங்களும் காணாமல் போய், செங்கற்களின் மீது கார் நின்றுகொண்டிருக்கும்.

"பொறாமை பிடித்தவர்களின் வேலை" என்பதே இத்தகைய சம்பவங்களுக்கு உடனடியாகச் சொல்லப்படும் காரணம். வட இந்தியாவில் லாரிகளின் பின்புறம் தீய பார்வைக்காரர்களைச் சபித்து எழுதி வைப்பதும், புதிய காரின் முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவதும் இந்த நம்பிக்கையின் வெளிப்பாடே.

ஆனால், தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் அண்மை ஆண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்த சம்பவங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பொறாமை என்ற ஒற்றைச் சொல்லில் அவை அடங்குவதில்லை. அதைவிட முக்கியமாக, 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, ஒரே கீறலைக் காரின் விலைக்கேற்ப வெவ்வேறு குற்றங்களாக்கியிருக்கிறது. கார் சேதம் பற்றிய பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத அம்சம் இது.

அம்பாசிடரிலிருந்து...: கார் என்பது அந்தஸ்தின் அளவுகோலாக மாறியது தில்லியில் வெகு காலத்துக்கு முன்பு நிகழ்ந்ததல்ல. அமைச்சருக்கும் வாடகை கார் ஓட்டுநருக்கும் ஒரே அம்பாசிடர்தான் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கியபோது நடுத்தர வர்க்கத்தின் கனவு தொடங்கியது. 1991-இல் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பிறகு ஜெர்மனியின் சொகுசு கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் இந்திய ஆலை 2007-இல் சென்னை அருகே திறக்கப்பட்டது.

அமைச்சர்கள் மற்றும் உயர் அதிகாரிகளின் கார்களில் சுழன்ற சிவப்பு விளக்குகளை மத்திய அரசு 2017 மே 1-ஆம் தேதி முதல் அகற்றியது. விளக்கு போனாலும், காரைக் கொண்டு ஆளை எடைபோடும் வழக்கம் போகவில்லை. கூட்டத்தில் வழி கேட்கும் அதிகாரத்தை இப்போது காரின் உயரமும் பதிவெண்ணுமே பெற்றுத் தந்துவிடுகின்றன.

ஆத்திரத்தின் முகவரி: 2023 மார்ச் மாதம் நொய்டாவின் 75-ஆவது செக்டாரில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், பத்துக்கும் மேற்பட்ட கார்களின் மீது அமிலம் ஊற்றப்பட்டது. கண்காணிப்பு கேமரா பதிவுகளைப் பார்த்தபோது, அங்கு கார் துடைக்கும் வேலை செய்துவந்த இளைஞர்தான் அதைச் செய்தவர் என்று தெரியவந்தது. வேலை சரியில்லை என்று கூறி அவரைக் குடியிருப்புவாசிகள் சிலர் நிறுத்தியிருந்தனர். அந்த ஆத்திரமே காரணம் என்றது போலீஸ் தரப்பு. முகம் தெரியாத ஏழை ஒருவர், முகம் தெரியாத பணக்காரர் மீது கொண்ட பொறாமையல்ல அது. வேலை கொடுத்தவருக்கும் இழந்தவருக்கும் இடையிலான விவகாரம்.

இன்னொரு காரணம், கார் நிறுத்த இடமின்மை. தில்லி மாஸ்டர் பிளான் விதிகளின்படி, திறந்தவெளியில் ஒரு கார் நிறுத்த 23 சதுர மீட்டர் இடம் கணக்கிடப்படுகிறது. தில்லியில் நடப்புப் பதிவில் உள்ள கார்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்குப்படி அவற்றை ஒரே நேரத்தில் நிறுத்துவதற்கு மட்டும் சுமார் 46 சதுர கி.மீ. நிலம் வேண்டும். நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் மாளிகை, கன்னாட் பிளேஸ் அனைத்தையும் உள்ளடக்கிய புது தில்லி மாநகராட்சிக் கவுன்சிலின் மொத்தப் பரப்பே சுமார் 43 சதுர கி.மீ.தான்.

தனக்கென இடமில்லாத கார் தெருவுக்கு வருகிறது. தெரு யாருக்கும் சொந்தமில்லை என்றாலும், தன் வீட்டு வாசல் தனக்கே உரியது என்று ஒவ்வொருவரும் கருதுகின்றனர். பூந்தொட்டியும் செங்கல்லும் வைத்து இடம் பிடிப்பதில் தொடங்கும் தகராறு, இரவில் கீறலாக முடிகிறது. இங்கே கீறுபவரிடமும் கார் இருக்கிறது. பகுதிவாரியாக வாகன நிறுத்தத் திட்டம் வகுக்க வழிசெய்யும் விதிகளை தில்லி அரசு 2019 செப்டம்பரில் அறிவிக்கை செய்தது. எனினும், வாசல்தோறும் பூந்தொட்டிகள் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

திருட்டு தேடும் சந்தை: திருட்டைப் பொருத்தவரை, காரின் பகட்டைவிடப் பாகங்களுக்குச் சந்தையில் உள்ள தேவையே இலக்கைத் தீர்மானிக்கிறது. தில்லி உள்பட பல நகரங்களில் அதிகம் குறிவைக்கப்பட்டவற்றில் ஒன்று, மாருதி ஈக்கோ வேனின் சைலன்சர். அதிலுள்ள வினையூக்கிப் பகுதியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமதிப்பற்ற உலோகங்கள் இருப்பதே காரணம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவரும், சிறு சரக்கு வியாபாரியும் வைத்திருக்கும் இந்த வண்டியைப் பார்த்து யாரும் பொறாமை கொண்டிருக்க வாய்ப்பில்லை.

தில்லியில் திருடப்பட்ட வாகனங்களைப் பிரித்து விற்கும் இடமாக நீண்ட காலம் பேர்பெற்றிருந்தது, உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில் உள்ள சோத்திகஞ்ச் சந்தை. அம்மாநில போலீஸார் 2021 டிசம்பரில் அதை மூடினர். அதே மாதம் ஷாஜஹான்பூரில் கங்கா விரைவுச் சாலைக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் நரேந்திர மோடி, தனது உரையில் இச்சந்தையைக் குறிப்பிட்டுப் பேசினார். ஒரு சந்தை மூடப்பட்டாலும் தொழில் நின்றுவிடவில்லை. தில்லியில் அண்மை ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திருடு போயுள்ளன. வாகனத் திருட்டுப் புகாரை இணையம் வழியாகவே பதிவு செய்யும் முறை 2015-இல் அங்கு கொண்டுவரப்பட்டது.

சொகுசு காரைத் தேடிச் செல்லும் திருடர்களும் உண்டு. 2024 மார்ச் மாதம், குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் மெர்சிடிஸ் கார் ஒன்றின் கண்ணாடியை உடைத்து ரூ. 10 லட்சத்தையும் மடிக்கணினியையும் திருடிய வழக்கில், திருச்சியைச் சேர்ந்த 5 பேரை அம்மாநில போலீஸார் தில்லியில் கைது செய்தனர். கவண் கொண்டு கண்ணாடியைத் தகர்ப்பது அவர்களது உத்தி. அங்கும் நாட்டம் காருக்குள் இருந்த பையின் மீதுதான். காரை அவர்கள் கொண்டுசெல்லவில்லை.

இதற்கு நேரெதிரான காட்சியையும் தலைநகர் வட்டாரம் கண்டது. 2023 பிப்ரவரியில் ஜி-20 கூட்டத்துக்காக குருகிராமில் சாலையோரம் வைக்கப்பட்டிருந்த பூந்தொட்டிகளை, பட்டப்பகலில் தூக்கித் தன் வாகனத்தில் ஏற்றினார் ஒருவர். அவர் வந்தது பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள கியா காரில். சில்லறைத் திருட்டு வறுமையில் மட்டுமே பிறப்பதாக நம்பியவர்களுக்கு அந்த விடியோ பதிலாக அமைந்தது.

முக்கியப் பிரமுகர்களின் வாகனங்கள்: 2017 அக்டோபரில் தில்லி தலைமைச் செயலகம் அருகே நிறுத்தப்பட்டிருந்த, அன்றைய முதல்வர் அரவிந்த் கேஜரிவாலின் பழைய வேகன் ஆர் கார் திருடு போனது. இரண்டே நாள்களில் அது காஜியாபாதில் கண்டெடுக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அப்போதைய பாஜக தலைவர் ஜெ.பி. நட்டாவின் மனைவிக்குச் சொந்தமான ஃபார்ச்சூனர் கார், தில்லி கோவிந்தபுரியில் திருடப்பட்டு, பின்னர் வாராணசியில் மீட்கப்பட்டது. மத்திய உள்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள தில்லி போலீஸார் முனைந்தால் காரைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை இவ்விரு சம்பவங்களும் காட்டின. அந்த முனைப்பு எல்லோருடைய புகாருக்கும் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

ரூ. 50-லிருந்து ரூ. 1 லட்சம் வரை: 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 427-ஆவது பிரிவின்படி, ரூ. 50 அல்லது அதற்கு மேல் சேதம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கலாம். இந்த ரூ. 50 வரம்பு 2024 ஜூன் 30 வரை மாறவே இல்லை. இதனால் எதிர்பாராத ஒரு சமத்துவம் நிலவியது. மாருதியில் கீறினாலும் மெர்சிடிஸில் கீறினாலும் பிரிவு ஒன்றே. இரண்டிலுமே நீதித்துறை நடுவரின் அனுமதியின்றி போலீஸார் புலனாய்வு செய்ய முடியாது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவு இதைப் படிநிலைகளாகப் பிரித்துள்ளது. தனியார் சொத்துக்கு ரூ. 20 ஆயிரத்துக்குக் குறைவான சேதம் என்றால் அதிகபட்ச தண்டனை 6 மாத சிறை. ரூ. 20 ஆயிரம் முதல் ரூ. 1 லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டுகள். இவ்விரண்டிலும் நடுவரின் அனுமதி தேவை. சேதம் ரூ. 1 லட்சத்தை எட்டிவிட்டால் 5 ஆண்டுகள் வரை சிறை என்பதுடன், அனுமதிக்குக் காத்திராமல் போலீஸார் நேரடியாகவே விசாரிக்கலாம்.

திருட்டிலும் இதே நிலைதான். பழைய சட்டத்தில் எத்தனை ரூபாய் திருட்டானாலும் போலீஸார் நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம். இப்போது 303-ஆவது பிரிவின்படி, ரூ. 5 ஆயிரத்துக்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடியவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவையே தண்டனை. இத்தகைய திருட்டு, போலீஸார் நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றங்களின் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக, வாடகை கார் ஓட்டுநர் ஒருவரின் வண்டியிலிருந்து ரூ. 3 ஆயிரம் மதிப்புள்ள பக்கவாட்டுக் கண்ணாடி திருடப்பட்டால் அவர் நடுவர் மன்றம் வரை செல்ல வேண்டும். பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள சொகுசு காரின் கண்ணாடி திருடப்பட்டால் காவல் நிலையத்திலேயே வழக்கு பதிவாகும். முன்னவருக்கு அது சில நாள் வருமானம். பின்னவருக்கு அவ்வளவு பெரிய இழப்பாக இருக்க வாய்ப்பில்லை. சட்டம் பார்ப்பது பொருளின் விலையை மட்டுமே.

காப்பீடும் இந்தச் சிறு சேதங்களுக்குப் பெரிதாக உதவுவதில்லை. வேண்டுமென்றே செய்யப்படும் சேதங்களுக்கும் முழுமையான காப்பீட்டில் இழப்பீடு உண்டு. ஆனால், ஒருமுறை கோரினாலே, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை உயரும் பிரீமியச் சலுகை போய்விடும். எனவே, உரிமையாளர்கள் பலர் சொந்தச் செலவிலேயே கீறலைச் சரிசெய்துகொள்கின்றனர். காவல் நிலையத்துக்கும் போகாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகாமல் சேதம் கணக்கில் வராமலேயே மறைகிறது.

அவையில் விவாதிக்கப்பட்டதா?: சில்லறைக் குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை என்பது வரவேற்கத்தக்க சீர்திருத்தமே. பிரிஜ் லால் தலைமையிலான உள்துறை நாடாளுமன்ற நிலைக்குழுவும் அதை வரவேற்றதுடன், சமூக சேவை என்றால் என்ன என்று சட்டத்தில் விளக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நிரம்பி வழியும் சிறைகளையும் தேங்கிக் கிடக்கும் வழக்குகளையும் எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் புரியும். பெரிய சேதத்துக்குப் பெரிய தண்டனை என்பதையும் தவறென்று சொல்லிவிட முடியாது.

ஆனால், யாருடைய புகாரை போலீஸார் தாமாக விசாரிப்பார்கள் என்பதையும் பொருளின் விலையே முடிவு செய்யலாமா என்பது தனியாக விவாதித்திருக்க வேண்டிய விஷயம். புதிய குற்றவியல் மசோதாக்கள் 2023 டிசம்பர் 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். கேள்வி கேட்க வேண்டிய இருக்கைகளில் பெரும்பாலானவை காலியாக இருந்தன.

குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் வருகிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் மாநிலங்களும் திருத்தம் கொண்டுவரலாம். இழந்த பொருள் ஒருவரின் பிழைப்புக்கான கருவி என்றால், அதன் விலை எவ்வளவு குறைவானாலும் போலீஸார் நேரடியாக விசாரிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு சேர்ப்பது கடினமானதல்ல. அதுவரை, விலையுயர்ந்த காரில் விழும் கீறல் வழக்காகும். ஈக்கோ வேன்காரரும் வாடகை கார் ஓட்டுநரும் காவல் நிலைய வாசலோடு திரும்பிக்கொண்டிருப்பார்கள்.