சாலையோர மதுக்கடைக்கு 500 மீட்டர் எல்லை: இரண்டு வழக்குகள் செய்ததும் செய்யாததும்

பானிப்பட்டிலிருந்து ஜலந்தர் வரை தேசிய நெடுஞ்சாலை 291 கிலோமீட்டர். சண்டிகரைச் சேர்ந்த ‘அரைவ் சேஃப்’ என்ற தன்னார்வ அமைப்பு அந்தச் சாலையோரத்தில் கணக்கெடுத்த மதுக்கடைகள் 185. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு கடை. இவற்றை எடுக்கச் சொல்லி அந்த அமைப்பு 2012-ல் பஞ்சாப்–ஹரியாணா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது.

அமைப்பைத் தொடங்கிய ஹர்மன் சிங் சித்து, 1996-ல் இமாச்சலப் பிரதேச மலைப்பாதையில் கார் பள்ளத்தில் உருண்டதில் முதுகுத்தண்டு அடிபட்டவர். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். சாலைப் பாதுகாப்பு என்றாலே பதாகை, உறுதிமொழி, பேரணி என்று நினைத்துப் பழகிவிட்ட நாட்டில், அவர் கேட்ட கேள்வி வேறு. குடித்தவனைப் பிடிப்பது பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவன் கைக்கெட்டும் தூரத்தில், வண்டியை நிறுத்தும் இடத்திலேயே கடையை வைத்தது யார்?

அதே கேள்வி சென்னையிலும் எழுந்தது. பா.ம.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு, வழக்கறிஞர்கள் சமூக நீதிப் பேரவை சார்பில் நெடுஞ்சாலை டாஸ்மாக் கடைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். தேசிய நெடுஞ்சாலையோரம் இருந்த 504 கடைகளை அகற்ற 2013-ல் நீதிமன்றம் கெடு விதித்தது. தமிழ்நாட்டு வழக்குக்கு ஒரு தனிக் கனம் உண்டு. 2003 முதல் இங்கே சில்லறை மது விற்பனை டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கடை நடத்துவதும் அரசு, சாலையில் மறித்து ஊதச் சொல்வதும் அரசு. ஆகவே கடை எங்கே இருக்கலாம் என்று கேட்பது, அரசின் வருவாயிலேயே கை வைப்பது.

இரண்டு வழக்குகளும் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ‘தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு’ என்ற பெயரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தேதி 2016 டிசம்பர் 15. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. சாலையிலிருந்து கடை கண்ணில் படக் கூடாது, நேராக நுழைய வழியும் கூடாது. விளம்பரப் பலகைகளையும் எடுக்க வேண்டும். நடப்பு உரிமங்கள் 2017 மார்ச் 31 வரை மட்டும். நெடுஞ்சாலையோரம் மது உரிமம் தர வேண்டாம் என்று தேசியச் சாலைப் பாதுகாப்பு மன்றம் 2004-லேயே பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை கோப்பிலிருந்து எழுந்து வர 12 ஆண்டுகள் ஆயின.

தூரம் ஏன் முக்கியம்? சட்டப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆனால் ஊதிப் பார்க்கும் சோதனை பெரும்பாலும் நகரத்துச் சந்திப்புகளில், இரவில் நடப்பது. இரண்டு ஊருக்கு நடுவே நீளும் நாற்கரச் சாலையில் சோதிக்க ஆள் இல்லை. அங்கே கடை மட்டும் இருந்தால், நீண்ட பயணத்தின் அலுப்பில் இருக்கும் ஓட்டுநர் திட்டமிடாமலே நிறுத்திவிடுகிறார். ஓட்டுபவர் மட்டுமல்ல, குடித்துவிட்டு இருட்டில் சாலையைக் குறுக்கே கடப்பவரும் சாகிறார். கடை தள்ளிப் போனால் குடிப்பழக்கம் ஒழிந்துவிடாது. ஆனால் போகிற போக்கில் குடிப்பது குறையும். இந்த வழக்குகள் கேட்டது அவ்வளவுதான், அது நியாயமான கேள்வி.

இதை எண்ணிக்கையால் காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அரசு அறிக்கையில் பத்தில் ஏழு மரணங்களுக்கு ‘அதிவேகம்’ காரணம். மதுவுக்குச் சில சதவீதம்தான். இந்தச் சிறிய சதவீதத்தை நம்ப முடியாது. ஒரு விபத்துக்கு ஒரு காரணத்தைத்தான் குறிக்கிறார்கள். குடித்துவிட்டு வேகமாக ஓட்டியவர் ‘அதிவேக’க் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ரத்தப் பரிசோதனையும் எல்லா விபத்திலும் உரிய நேரத்தில் நடப்பதில்லை. குடி என்று பதிவானால் காப்பீட்டுத் தொகைக்குச் சிக்கல் வருமோ என்ற அச்சம் குடும்பங்களுக்கு இருக்கிறது.

தீர்ப்பு அமலானபோது தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பிறகு நடந்ததுதான் வேதனை. மூடியவற்றுக்கு மாற்றிடம் தேடி ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் கடைகள் வந்தன. பெண்கள் திரண்டு மறித்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்த காட்சியைத் தமிழகமே பார்த்தது. நெடுஞ்சாலையைக் காக்கக் கேட்ட தீர்ப்பின் பாரத்தைக் கிராமத்துப் பெண்கள் சுமக்க நேர்ந்தது அரசின் தேர்வு. நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், தூரத்தைக் காகிதத்திலேயே மாற்றும் வேலை நடந்தது. மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகள் என்று பல மாநிலங்கள் வகை மாற்றின; தமிழ்நாட்டில் அந்த முயற்சி உயர் நீதிமன்றத்தில் வழக்கானது. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு பார் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை கட்டி, நடக்கும் தூரத்தைக் கூட்டிக் காட்டியது.

நீதிமன்றமும் படிப்படியாக இறங்கி வந்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு எல்லை 220 மீட்டர் ஆனது. சண்டிகர் தன் நகரச் சாலைகளை வகை மாற்றியதை எதிர்த்து அரைவ் சேஃப் மறுபடியும் சென்றபோது, நகராட்சி எல்லைக்குள் உள்ள கடைகளுக்குத் தடை பொருந்தாது என்று ஜூலையில் விளக்கம் வந்தது. 2018 பிப்ரவரியில், மற்ற உள்ளாட்சிப் பகுதிகளில் எவை போதிய வளர்ச்சி பெற்றவை என்று முடிவு செய்யும் பொறுப்பும் மாநில அரசுகளிடமே போனது.

ஆகவே இன்று ஒரு கடை விதிக்குள் இருக்கிறதா என்பது மூன்று விவரங்களைப் பொறுத்தது: அந்தச் சாலை எந்த வகை, அந்த ஊர் எந்த உள்ளாட்சி, மக்கள்தொகை எவ்வளவு. நெடுஞ்சாலைத் துறையிடமும் உள்ளாட்சி அலுவலகத்திடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் இவற்றைக் கேட்டுப் பெறலாம். தங்கள் ஊர்க் கடையை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பவர்கள், கையெழுத்துகளோடு அந்தப் பதில்களையும் அளந்த தூரத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அதிகாரி அந்தத் தூரக் கணக்குக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.