குழந்தை கூப்பிட்டால் திரும்பலையா? காது டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீங்க!

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான்” என்று அம்மா கவலைப்படுவார். “இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடும்மா” என்பார் பாட்டி. இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு அந்த ஒரு வருஷம் பெரிய இழப்பு.

ஏன் இந்த அவசரம்?

மூளை பேச்சைப் பழகுவது பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளில்தான். அப்போது ஒலி போய்ச் சேராவிட்டால், பிறகு கருவி பொருத்தினாலும் பேச்சு வருவது கடினம். அதனால்தான் டாக்டர்கள் 1-3-6 என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாடு இருக்கிறதா என்று உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது.

வீட்டில் கைதட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. அதிர்வையோ அசைவையோ உணர்ந்துகூட குழந்தை திரும்பலாம். ‘ஓ.ஏ.இ.’ டெஸ்ட்டில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவி வைத்து ஒலி அனுப்புவார்கள். நன்றாக இயங்கும் உள்காது மெல்லிய எதிரொலி தரும். வலி இல்லை, சில நிமிஷம்தான். சந்தேகம் இருந்தால் அடுத்தது ‘பெரா’. ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று அது காட்டும்.

குறைபாடு உறுதியானால்?

ஹியரிங் எய்ட் ஒலியைப் பெரிதாக்கித் தரும். அது போதாத கடுமையான குறைபாட்டுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. இது ஒலியை மின் சிக்னலாக மாற்றி, நேராகக் கேட்கும் நரம்பைத் தூண்டும். செலவு பல லட்சம். ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்தச் சிகிச்சைக்குப் பேர்போன இடம்.

ஆபரேஷனோடு முடிந்துவிடுமா?

இல்லை. சில வாரம் கழித்துத்தான் கருவியை ‘ஆன்’ செய்வார்கள். குழந்தைக்கு அப்போது கேட்பது வெறும் சத்தம். அதைச் சொல்லாகப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வீட்டாரும் தினமும் பேசிப் பழக்க வேண்டும். அடையாறில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா பள்ளியில், சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் உட்கார்ந்து பயிற்சி பெறுவது இதனால்தான்.

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது தடுப்பூசி அட்டையோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: காது டெஸ்ட் ரிப்போர்ட்.