மேசையில் படிந்த கருமை

தோப்பும்படியில் உள்ள நமது கிளையில், வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டே படிவம் நிரப்புவதற்கென்று ஒரு பழைய தேக்கு மேசை உண்டு. கிளையின் தளவாடப் பதிவேட்டில் அதன் மதிப்பு ஒரு ரூபாய். ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துக் கழித்து, இதற்குமேல் கழிக்க ஒன்றுமில்லை என்ற நிலையில், பெயருக்காக விட்டுவைக்கப்பட்டிருக்கும் ஒரு ரூபாய் அது. வணிகவியல் படித்த நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ஆயினும் அதே அளவுக்குப் புதிய தேக்கு மேசை ஒன்று வாங்க விலை கேட்டபோதுதான், கணக்கேட்டின் மதிப்பும் கடைவீதியின் மதிப்பும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பது விளங்கிற்று.

விலை கேட்கவேண்டிய தேவை ஒரு மழைக்காலத்தில் நேர்ந்தது. வார இறுதியில் சாளரத்தின் வழியே சாரல் அடித்து, மேசையின்மேல் இரண்டு நாள் நீர் தேங்கியிருந்தது. அந்த நீரில் காகிதம் துளையிடும் இரும்புக் கருவியும், ஒரு கிண்ணம் நிறைய குண்டூசிகளும் நனைந்து கிடந்தன. திங்கட்கிழமை காலையில் அவற்றை எடுத்துப் பார்த்தால், வார்னிஷ் தேய்ந்துபோயிருந்த இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேலென்று நான்கைந்து கறைகள். துடைத்தோம், போகவில்லை. சோப்பு நீரால் தேய்த்தோம். இன்னும் பளிச்சென்று தெரிந்தன. பின்னர் நாம் செய்தது ஒரு தவறு. கழிவறைக்கென்று வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் குழைத்து, கறைகளின்மேல் பூசி, ஓர் இரவு முழுவதும் விட்டுவைத்தோம். மறுநாள் கறைகள் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த நல்ல மரம் மட்டும் திட்டுத்திட்டாக வெளிறிப்போயிற்று.

மட்டாஞ்சேரியில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறை நடத்தும் ஒருவர் நமது நடப்புக் கணக்கு வாடிக்கையாளர். முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆகையால் கிளையில் அனைவரும் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பது வழக்கம். பணம் கட்ட வந்த அவர் மேசையைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

“சார், பிளீச்சிங் பவுடர் போட்டீர்களா?”

ஒப்புக்கொண்டோம்.

“நல்லவேளை, அதோடு நிறுத்தினீர்கள். இது அழுக்கு இல்லை சார். இது மை.”

மை என்று அவர் சொன்னது உவமை அன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய காலத்தை நம் பாட்டனார்கள் அறிவர். கடுக்காயில் இருப்பது டானின் என்னும் துவர்ப்புப் பொருள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இரண்டும் கூடிக் காற்றுப் பட்டால் நீலங்கலந்த கருமை பிறக்கிறது. ஐரோப்பியர் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்தின் கழலைகளைப் பயன்படுத்தினர். மற்றபடி வேதியியல் ஒன்றே. நூற்றாண்டுகளாகப் பத்திரங்களும் பேரேடுகளும் இவ்வகை மையால்தான் எழுதப்பட்டன. தேக்கு மரத்திலும் டானின் உண்டு. ஈரத்தில் கரைந்த இரும்பு அதனுடன் சேர்ந்தபோது, நமது மேசையே தன் மேனியில் மை காய்ச்சிக்கொண்டது. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தோப்பும்படியிலோ மீன்பிடித் துறைமுகத்தின் உப்புக்காற்று வேறு. ஆணி அடித்த பழைய மரச்சாமான் எதைப் பார்த்தாலும் ஆணியைச் சுற்றி ஒரு கரிய வளையம் இருக்கும். இனி வாசகர்கள் கவனித்துப் பார்க்கலாம்.

மரத்தை வெளுக்கும் வேதிப்பொருள்கள் பல இருப்பினும், பட்டறைகளில் வழங்குபவை மூன்று வகைக்குள் அடங்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்பதே அண்ணாச்சி நமக்கு முதலில் சொன்ன பாடம். இரும்புக் கருமைக்கு ஆக்ஸாலிக் அமிலம். சாயக்கறைக்கும் பூஞ்சைக் கறைக்கும் குளோரின் வகை. மரத்தின் இயற்கை நிறத்தையே போக்க வேண்டுமானால் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும். நாம் இரண்டாவதை முதலாவதின் இடத்தில் போட்டிருந்தோம்.

அவர் வேலையை உடனே தொடங்க மறுத்துவிட்டார். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, கிளைக்கு விடுமுறை. அன்று மேசையை முன்புற நடைக்கு இழுத்து வந்து, பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்து, குடம் குடமாக நீர் ஊற்றிக் கழுவினார். பின்னர் இரண்டு வாரம் காயவிட்டார். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டதற்கு, பிளீச்சிங் பவுடரின் மிச்சம் இருக்கும்போது அமிலம் பட்டால் குளோரின் வாயு எழும் என்றார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகே போர்க்களத்தில் திறந்துவிடப்பட்டது அதே வாயுதான். மூடிய அறையில் சிறிதளவு எழுந்தாலும் நுரையீரலைத் தாக்கும். அவசரப்பட்டு அன்றைக்கே அமிலத்தையும் வாங்கி ஊற்றியிருந்தால், குளிரூட்டி ஓடும் மூடிய கூடத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்தோம்.

நான்காவது சனிக்கிழமை அமிலம் வந்தது. சர்க்கரையைப் போன்ற வெள்ளைப் படிகங்கள். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஏறத்தாழ 80 கிராம் என்ற அளவில் கரைத்தார். உலோகப் பாத்திரம் கூடாது. உலோகக் கம்பி கொண்ட தூரிகையும் கூடாது, ஏனெனில் இரும்பை அகற்றும் வேலையில் இரும்பையே கொண்டுவந்து சேர்ப்பதாகிவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, நைலான் தூரிகையால் கறைகளின்மேல் மட்டுமன்றி மேசையின் மேற்பரப்பு முழுவதும் பூசினார். கறையில் மட்டும் பூசினால் அந்த இடம் தனித்து வெளுத்து, கறைக்குப் பதிலாக வேறொரு கறை நிற்கும் என்பது காரணம்.

முதல் கால் மணி நேரத்தில் ஒன்றும் நிகழவில்லை. நாம் சற்று ஐயத்துடனேயே நின்றிருந்தோம். பிறகு கருமை சாம்பலாயிற்று, சாம்பல் பழுப்பாயிற்று, ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிற்று. காயவிடாமல் மீண்டும் ஒருமுறை பூசினார். ஆக்ஸாலிக் அமிலம் மரத்தைச் சுட்டு வெளுப்பதில்லை. டானினின் பிடியிலிருந்து இரும்பை விடுவித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. ஆகவே அதன்பின் செய்யும் கழுவல்தான் உண்மையான வேலை. நிறைய நீர், அடுத்து சமையல் சோடாக் கரைசல், மீண்டும் நீர். கழுவாமல் விட்டால் படிகங்கள் மரத்துளைகளில் தங்கி, மேலே பூசும் பாலிஷைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய கேடு, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அத்தூள் மூக்கில் ஏறுவது. பட்டறைகளில் வருமுன் காக்கப்படாமல் விடப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான் என்பது நமது எண்ணம். அமிலத்துக்கு அஞ்சுபவர்கள்கூடத் தூசிக்கு அஞ்சுவதில்லை.

இந்த அமிலம் கேரளத்தார்க்கு அன்னியமானது அன்று. மீன் குழம்பில் இடும் புளிச்சக்காய் இங்கே பல வீட்டு முற்றங்களில் காய்த்துத் தொங்கும். மலையாளத்தில் அதற்கு இரும்பன்புளி என்று ஒரு பெயர். அதன் கடும்புளிப்புக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலம். துணியில் துருக்கறை போக்கவும் அக்காயைத் தேய்ப்பதுண்டு. குழம்பில் இரண்டு காய் இடுவதால் தீங்கில்லை. ஆனால் கொழுப்பு குறையும் என்று நம்பி அதன் சாற்றைச் செறிவாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை, கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளைச் சேர்ந்த பத்து நோயாளிகளை வைத்து மருத்துவர்கள் 2013-இல் ஓர் ஆய்விதழில் பதிவு செய்தனர். அவர்களுள் எழுவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது. காயின் சாறே இப்படியென்றால், கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் தூய படிகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அருகில் வைக்கலாகாது.

இன்னொரு வியப்பு: ஆக்ஸாலிக் அமிலத்தைச் சர்க்கரையிலிருந்து 1776-இல் செய்து காட்டியவரும், 1774-இல் குளோரினை முதன்முதலாகப் பிரித்தவரும் ஒருவரே. கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற அந்தச் சுவீடன் நாட்டு மருந்தாளர், குளோரின் இலைகளையும் மலர்களையும் வெளுக்கச் செய்வதையும் கண்டு எழுதினார். 1786-இல் அவர் இறந்தபோது வயது 43.

குளோரின் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிளீச்சிங் பவுடரும், கடைகளில் புட்டியாகக் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலும் இதில் அடங்கும். மரத்தின்மேல் முன்பு யாரோ பூசிய சாயத்தையும், ஈரத்தால் படர்ந்த பூஞ்சைக் கறையையும் இவை நன்றாகவே போக்கும். இரும்பை அசைக்கமாட்டா. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில், டச்சுக்காரர் காலத்தில் வந்த தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் துறையில் துணி துவைக்கின்றனர். துணியில் துருக்கறை இருந்தால் அதற்கு வெளுப்புத்தூள் ஆகாது என்பது சலவைத் தொழிலின் பாலபாடம். தோப்பும்படியிலிருந்து சிறிது தொலைவே. நாம் போய்க் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது முறைதான் இப்போது நாகரிகமாகப் பரவிவருகிறது. வெளிர்நிறச் சாமான்களை விரும்புவோர் பெருகிவிட்டனர். ரப்பர் மரம் போன்றவற்றில் நீலம்பாரித்த திட்டுகளைச் சமப்படுத்தவும் பெராக்ஸைடு பயன்படுகிறது. முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பூசினால் மரம் கருக்கும். அதன்மேல் செறிவான ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பூசினால் நுரைத்துக்கொண்டு வெளுக்கும். மருந்துக்கடையில் புண் கழுவ வாங்கும் பெராக்ஸைடு இதற்குப் போதாது. பட்டறையில் பயன்படுத்துவது 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது. தோலில் பட்டால் வெந்துபோகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இறுக மூடிய கலத்தில் வைத்தால் ஆக்ஸிஜன் திரண்டு கலம் வெடிக்கவும் கூடும். வேலை முடிந்தபின் நீர்த்த வினிகரால் காரத்தைத் தணித்துக் கழுவவேண்டும். இம்முறையில் போன நிறம் திரும்பி வராது. ஈட்டி மரத்திலும், தலைமுறை கடந்த தேக்கிலும் இதைச் செய்வதை அண்ணாச்சி மறுத்துவிடுவார். யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் அலமாரிக்கு விலை வைப்பது அந்த ஆழ்ந்த நிறத்துக்குத்தானே! அதைக் காசு கொடுத்துப் போக்கிக்கொள்வது, வட்டி கொடுத்து நட்டம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

மை என்ற சொல் நம்மை வேறொரு நினைவுக்கும் இட்டுச் சென்றது. மரத்திலிருந்து மையை நீக்கும் இதே பொருள்கள் காகிதத்திலிருந்தும் மையை நீக்கும். காசோலையில் பெயரையோ தொகையையோ அழித்து மாற்றி எழுதுவோர் நெடுங்காலமாக நாடியவை அமிலமும் குளோரின் கரைசலுமே. ஆகவேதான் இந்திய ரிசர்வ் வங்கி வகுத்த ‘சி.டி.எஸ்.-2010’ தரத்தின்படி, காசோலைக் காகிதம் அமிலம், காரம், வெளுப்புப்பொருள், கரைப்பான் ஆகியவை பட்டால் கண்ணுக்குத் தெரியும்படி அடையாளம் காட்டவேண்டும். அந்தத் தரத்தில் தேதியைச் செல்லத்தக்கதாக்கும் திருத்தம் தவிர, வேறு எத்திருத்தமும் ஏற்கப்படுவதில்லை. எழுதியவரின் ஒப்புதலின்றிச் செய்யப்பட்ட முக்கிய மாற்றம் அந்த ஆவணத்தை அவரைப் பொறுத்தவரை செல்லாததாக்கும் என்பது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 87-ஆம் பிரிவு. வாடிக்கையாளர்கள் தம் சொந்தப் பேனாவால், அழியாத அடர்நிற மையால் எழுதுவது நன்று. எதிரில் இருப்பவர் நீட்டும் பேனாவை அன்புடன் மறுத்துவிடலாம்.

மேசை வேலையின்போதுதான் அண்ணாச்சியின் பட்டறையை நாம் நேரில் பார்த்தோம். ஒரே அறை. அமிலமும் பெராக்ஸைடும் ஒரே பலகையில். காற்று வெளியேற்றும் விசிறி இல்லை. தம் நுரையீரலைப் பற்றி அவர் பேசவில்லை. உடன் வேலை செய்யும் இளைஞனின் இருமலைப் பற்றி மட்டும் சொன்னார். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் ஒன்று என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. பிணையின்றி முதலில் 1 லட்சம், அதை முறையாகச் செலுத்தியபின் 2 லட்சம், வட்டி 5 விழுக்காடு. கருவிகளுக்கென்று 15,000 ரூபாய் வரை உதவி. பயிற்சி நாள்களில் நாளொன்றுக்கு 500 ரூபாய். குடும்பத்தில் ஒருவருக்கே உரியது. பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும். அவர் ஒருமுறைக்கு இருமுறை தவணைக் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டார். விசிறி, தனியே ஒரு கழுவுமிடம், பூட்டுடன் கூடிய இரண்டு அலமாரிகள் என்று அவர் போட்ட பட்டியலில், அலமாரிகள் இரண்டாக இருந்ததைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். அமிலம் ஒன்றில், பிளீச்சிங் பவுடர் மற்றொன்றில்.

மேசை இப்போது பழைய இடத்தில் நிற்கிறது. நாம் பிளீச்சிங் பவுடர் பூசி வெளிறச் செய்த திட்டுகளை அரக்குப் பாலிஷ் ஏறத்தாழ மறைத்துவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரியும். இடது ஓரத்தில், ஆணி ஒன்றைச் சுற்றி, நகக்கண் அளவு கருமை மிஞ்சியுள்ளது. அதையும் எடுத்துவிடலாமே என்றதற்கு, ஆணி உள்ளே இருக்கும்வரை அது அடுத்த மழைக்குத் திரும்ப வரும் என்றார். ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளக்கும். குண்டூசிக் கிண்ணம் மட்டும் பிளாஸ்டிக்குக்கு மாறியிருக்கிறது.