ஐந்து நிமிட விளையாட்டும் மனச்சான்றின் தெரிவும்

தாவீது அரசன் முன் நின்ற நாத்தான் தீர்க்கதரிசி நீண்ட அருளுரை ஆற்றவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சுருங்கக் கூறினார். தீர்ப்பை அரசனே தன் வாயால் உரைத்தான் (2 சாமுவேல் 12). எனினும், அத்தீர்ப்பு பிறன் ஒருவனுக்கு என்றே தாவீது எண்ணியிருந்தான். கேட்போர் தாமே தெரிவு செய்து, அதன் விளைவையும் தாமே ஏற்குமாறு செய்ய இயலுமா? குறுவிளையாட்டு இதற்குத் துணைபுரியும் என்பது நம் கருத்து.

1950ஆம் ஆண்டில் மெரில் பிளட், மெல்வின் டிரெஷர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் இத்தகைய விளையாட்டொன்றை வகுத்தனர். ஆல்பர்ட் டக்கர் அதற்கு இரு கைதிகளின் கதையைப் பொருத்தினார். ஒவ்வொருவரும் தன்னலமே நாடின் இருவரும் இழப்பர் என்பதே அதன் கரு.

இதனை நாமகிரிப்பேட்டைச் சூழலில் அமைத்துக் காண்போம். விரலி, உருண்டை, பனங்காலி எனத் தரம் பிரித்து மஞ்சள் ஏலம் விடப்படும் ஊர் அது. வாலிபர் இருவர் மஞ்சள் விவசாயிகளாக அமரட்டும். கதை கற்பனையே, எவரையும் குறித்ததன்று. இருவருக்கும் கடனுண்டு. தம்முள் பேசாமல், "தூய்மை" அல்லது "சாயம்" எனச் சீட்டில் எழுதவேண்டும். இருவரும் தூய்மையெனின் ஆளுக்கு 3 புளியங்கொட்டைகள். ஒருவர் மட்டும் சாயமிட்டால் அவருக்கு 5, மற்றவருக்கு ஒன்றுமில்லை. இருவரும் சாயமிட்டால் வணிகர் ஐயுறுவர். ஆளுக்கு 1 மட்டுமே. எழுதியதை மாற்றலாகாது.

நாம் இதனோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். அருகே ஒரு சிறுவன் அமர்ந்திருப்பான், அவனுக்குச் சீட்டில்லை. கொட்டைகளை எண்ணி முடித்தபின் அவன் எழுந்து, "அந்த மஞ்சளை உண்டவன் நான்" என்று மட்டும் கூறுவான். மஞ்சளுக்கு நிறமேற்றச் சிலவிடங்களில் கலக்கப்படும் ஈயக் குரோமேட்டு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதை ஆசிரியர் பின்னர் விளக்கலாம். கணித விளையாட்டின் கணக்கு இருவரோடு முடிகிறது. திருமறையோ பிறன் யார் என்னும் வினாவை எழுப்புகிறது (லூக்கா 10).

நடத்துவோர் காக்கவேண்டிய நெறிகள் சில உண்டு. நேர்மைக்கு இழப்பில்லையெனில் அது தெரிவன்று; ஆதலின் எளிய விடையுள்ள வினாவை அமைக்கலாகாது. சாயம் என எழுதியவரை நாணச் செய்யலாகாது. கடனின் அழுத்தத்தை அவர் வாயாலேயே கேட்கவேண்டும். உடனே அருளுரை தொடங்காமல் சற்று மௌனம் காத்தல் நன்று.

இறுதியாக, தூய்மை என எழுதி வெறுங்கையுடன் நிற்பவரை நோக்குவோம். நேர்மையைப் போதிக்கும் சபை அவரது இழப்பில் பங்கேற்குமா? இவ்வினா விளையாடிய வாலிபருக்கு உரியதன்று. போதகராகிய நமக்கே உரியது.