144 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டு 60-இல் ஆடலாமா?

வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் படம் திக்கினால் பலரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் குறை சொல்கிறார்கள். காசை இறைக்கும் முன் செட்டிங்ஸைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் அதைப் பல நேரம் 60-இலேயே ஓட்டும். டிஸ்பிளே செட்டிங்ஸில் நாம்தான் மாற்ற வேண்டும். 60 ஹெர்ட்ஸில் அடுத்த படம் வர 16.7 மில்லிவினாடி, 144-இல் 6.9. சினிமாவுக்கு வினாடிக்கு 24 படம் போதுமே, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். சினிமாவை நாம் பார்க்க மட்டும் செய்கிறோம். இங்கே மவுஸை அசைத்ததும் குறி நகர வேண்டும். தாமதத்தைக் கை கண்டுபிடித்துவிடும்.

மானிட்டர் வேகமெடுத்தால் பாரம் பிராசஸர் மேல் விழும். இவ்வகை ஆட்டங்களில், அதுவும் 1080பி-யில், கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்க, பெரும்பாலும் பிராசஸர்தான் மூச்சு வாங்கும். பின்னணியில் ஓடும் பிரௌசரை மூடுவதும், பயாஸில் ரேமின் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்குவதும் அங்கேதான் பலன் தரும். ஓவர்கிளாக் செய்தால் ஃபிரேம் கூடுமே என்றால், கூடும்தான். ஆனால் சூடு எல்லை மீறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பெரும்பாலும் சண்டை உச்சத்தில் இருக்கும்போது. 200 ஃபிரேமுக்கும் 70-க்கும் இடையே ஊசலாடுவதைவிட 140-இல் நிலையாக நிற்பது மேல். ஓவர்கிளாக்கைத் தொடுமுன் ஃபேனில் படிந்த தூசியைத் துடையுங்கள்.