தோண்டுமுன் கேளுங்கள்

வீடு கட்டத் தொடங்குவோர் நம்மவரிடையே பல கேள்விகளைக் கேட்கிறார்கள். நாள் நல்லதா, வாசல் எத்திசையில் அமைய வேண்டும், தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும், மேஸ்திரி என்ன கூலி கேட்பார் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பூமி பூஜை முடிந்து தேங்காய் உடைத்ததும் கடப்பாரை மண்ணில் இறங்குகிறது. ஆனால் அது இறங்கும் இடத்தில், நிலத்துக்கடியில் முன்னரே என்ன இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் கேட்பவர் மிகச் சிலர். இக்கேள்வியை யாரிடம் கேட்பது, எவ்வாறு கேட்பது, கேளாமல் விட்டால் விளைவது என்ன என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியை எடுத்துக்கொள்வோம். கர்நாடக அரசாங்கத்தின் மின்னணு வளர்ச்சி நிறுவனமாகிய கியோனிக்ஸ், ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், 1978ஆம் ஆண்டில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூரு ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இந்தத் தொழில் நகரத்தை அமைத்தது. அன்று அது வயல்வெளி. இன்று அதன் மேல் 2010இல் திறக்கப்பட்ட உயர்மட்டச் சாலையும், 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலும் செல்கின்றன. சுற்றிலும் லேஅவுட்டுகள் பெருகிவிட்டன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் முதல் கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்கு வந்தவர்கள் வரை ஏராளமான தமிழர்கள் இங்கே குடியேறியுள்ளனர். மனை வாங்கி வீடு கட்டுவோரும் நம்மவரே. அந்த வீட்டுக்குக் கடைகால் தோண்டுவோரிலும் பலர் நம்மவரே.

நகரம் மேலே வளர்ந்ததைக் கண்ணால் காண்கிறோம். அது கீழேயும் வளர்ந்துள்ளதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வடம், எரிவாயுக் குழாய், செய்தி கடத்தும் கண்ணாடியிழை வடம் ஆகிய ஐந்தும் மண்ணுக்குள் ஓடுகின்றன. பெங்களூரின் மின்வழங்கல் கம்பெனியாகிய பெஸ்காம், நகரின் பல பகுதிகளில் மேல்நிலைக் கம்பிகளை நிலத்தடி வடங்களாக மாற்றி வருகிறது. 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்குக் குடிநீர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வாறு ஆண்டுதோறும் புதிய தடங்கள் பதிக்கப்படுவதால், ‘சென்ற முறை இங்கே தோண்டினோம், ஒன்றுமில்லை’ என்ற பழைய அனுபவம் இன்று துணைக்கு வாராது.

தடம் வெட்டுப்பட்டால் நஷ்டம் யாருக்கு? கண்ணாடியிழை வடம் அறுந்தால் ஒரு தெருவின் தொலைபேசி நின்றுபோகும். இவ்வாறு தாறுமாறாகத் தோண்டுவதால் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் நஷ்டமாகிறது என்று மத்திய அரசாங்கம் 2023இல் மதிப்பிட்டது. ஆயினும் பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். 11,000 வோல்ட் மின்வடத்தில் கடப்பாரை பாய்ந்தால், அக்கணமே எழும் மின்பொறியில் செம்பும் உருகும். அந்தக் கடப்பாரையைப் பிடித்திருப்பவர் மனைக்காரர் அல்லர். தோண்டச் சொல்லிவிட்டு நிழலில் நிற்கும் மேஸ்திரியும் அல்லர். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நிற்கும் கூலியாளே அவர். அந்த நிலத்தின் பத்திரத்தையோ படத்தையோ அவர் கண்டதில்லை. கேட்க வேண்டிய இலாகா எதுவென்பதும் அவருக்குத் தெரியாது. ஆகவே கேட்கும் கடமை தோண்டச் சொல்பவரையே சாரும்.

எரிவாயுவின் அபாயம் வேறு வகையானது. 2023 மார்ச்சில், பெங்களூரின் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் தெருவைத் தோண்டும் வேலையின்போது எரிவாயுக் குழாய் சேதமுற்றது. கசிந்த வாயு அருகிலிருந்த வீட்டினுள் புகுந்து வெடித்தது, வீட்டிலிருந்தோர் காயமுற்றனர். குழாய் உடைந்தது தெருவில், தீப்பற்றியது வீட்டில். மண்ணுக்குள் கசியும் வாயு, நேரே மேலெழ வழியில்லாதபோது, கழிவுநீர்க் கால்வாய் வழியாகவும் குழாய்களை ஒட்டிய இடைவெளி வழியாகவும் நெடுந்தூரம் பரவக்கூடும் என்பதே இதன் காரணம்.

குழாய் உடையாமல் கீறல் மட்டும் பட்டாலும் அதை அலட்சியம் செய்தலாகாது. பெல்ஜியம் நாட்டின் கிஸ்லெங்கியன் என்னும் ஊரில், எலெக்ட்ரானிக் சிட்டியைப் போன்றதொரு தொழிற்பேட்டையில், 2004 ஜூலை 30ஆம் நாள் உயர் அழுத்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் மாண்டனர். அதற்கு முன்பு நடந்த கட்டட வேலையில் இயந்திரம் பட்டுக் குழாய் காயமுற்றிருந்தது. பின்னர் குழாயினுள் அழுத்தம் கூடியபோது அந்த இடம் தாங்கவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்ட கீறல் மறைந்துபோவதில்லை, காத்திருக்கிறது.

இனி, யாரிடம் கேட்பது? 2023 மார்ச் 22ஆம் நாள் மத்திய அரசாங்கம், ‘தோண்டுமுன் அழையுங்கள்’ என்று பொருள்படும் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் கைபேசிச் செயலியைத் தொடங்கி வைத்தது. தோண்ட விரும்புவோர் தம் இடத்தையும் நாளையும் அதில் குறித்தால், அங்கே தடம் பதித்துள்ள நிறுவனங்களுக்குச் செய்தி போகும். அவர்கள் தங்கள் தடத்தைக் குறித்து விடையளிக்கலாம். ஆனால் எல்லாத் தடங்களும் அதில் ஏறிவிட்டன என்று கொள்ளலாகாது. ஆகவே பகுதியிலுள்ள பெஸ்காம் அலுவலகம், குடிநீர் வாரிய அலுவலகம், எரிவாயு வழங்கும் கம்பெனி, லேஅவுட்டை அமைத்தவர் ஆகியோரிடம் தனித்தனியே எழுதிக் கேட்பதே முறை. தொழில் நகரத்தின் எல்லைக்குள் என்றால், 2013இல் அமைக்கப்பட்ட எலெக்ட்ரானிக் சிட்டி நகரிய ஆணையத்திடம் கேட்க வேண்டும். விடை வரும்வரை தோண்டாதிருப்பது நல்லது.

ஆனேக்கல், ஓசூர்ப் பக்கங்களில் மனை வாங்குவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். நெடுந்தூரப் பெட்ரோலியக் குழாய்களும் எரிவாயுக் குழாய்களும் தனியார் நிலங்களின் ஊடே செல்வதுண்டு. 1962ஆம் ஆண்டின் சட்டப்படி நிலம் உடையவருக்கே சொந்தம். அதில் குழாய் பதிக்கும் உரிமை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தப் பட்டையில் பயிரிடலாம்; கட்டடம் எழுப்பவோ, கிணறும் குளமும் வெட்டவோ, மரம் நடவோ கூடாது. பத்திரம் எழுதுமுன் இதை விசாரிப்பது அறிவுடைமை.

எந்த இலாகாவின் படத்திலும் இல்லாத தடங்களும் உண்டு. அவை நம் மதிலுக்குள் நாமே பதித்தவை. மீட்டரைத் தாண்டியபின் வாயில் விளக்குக்குப் போகும் கம்பி, சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறும் குழாய், கழிவுநீர் இணைப்பு, போர்வெல் மோட்டாரின் கம்பி ஆகியவற்றைப் பதித்த பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் எங்கே போனார்களோ! வீடு கட்டும்போதே, மதிலிலிருந்து எத்தனை அடி, எத்தனை ஆழம் என்று ஒரு தாளில் வரைந்து பத்திரத்தோடு வைத்துவிட்டால் பின்னால் எவரையும் தேட வேண்டியதில்லை.

கேட்டபின் பார்க்க வேண்டும். மின்கம்பத்தின் பக்கமாக இறங்கி மண்ணில் மறையும் வடம், வால்வுத் தொட்டியின் மூடி, ஆள்துளை, சாலையில் நீளமாக ஒட்டுப்போட்ட தார், நடுகல் போன்ற அடையாளக் கற்கள் ஆகியன கீழே தடம் உண்டு எனக் கூறும் சாட்சிகள். எச்சரிக்கைப் பலகைகள் கன்னடத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்களை எடுத்துக்காட்டுவது கடமையாகப் படுகிறது. ‘அபாய’ என்றால் அபாயம். ‘எச்சரிகெ’ என்றால் எச்சரிக்கை. ‘அகெயபேடி’ என்றால் தோண்டாதீர். நம் ‘அகழ்’ என்பதன் உடன்பிறப்பே அந்த ‘அகெ’. ‘வித்யுத்’ என்பது மின்சாரம். ‘கொளவெ’ என்பது குழாய். ‘அனில’ என்று கண்டால் மரத்தில் ஓடும் அணில் என்று மயங்க வேண்டா. காற்றைக் குறிக்கும் ‘அனிலம்’ என்னும் சொல்லே அது. கன்னடத்தில் எரிவாயுவைக் குறிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காட்டும் கருவிகளும் இருக்கின்றன. மின்காந்தக் கருவி உலோகக் குழாயையும் மின்சாரம் ஓடும் வடத்தையும் காட்டும். பிளாஸ்டிக் குழாயை அதனால் அறிய இயலாது. வீடுகளுக்கு எரிவாயு கொண்டுவரும் குழாய்களிற் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கே என்பதை மறத்தலாகாது. மண்ணை ஊடுருவும் ராடார் இரண்டையும் காட்டவல்லது. எனினும் ஈரக் களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும். எனவே கருவி ‘ஒன்றுமில்லை’ என்றால், ‘காணவில்லை’ என்று மட்டுமே பொருள் கொள்ள வேண்டும்.

இறுதிச் சோதனை கையால் தோண்டும் சோதனைக்குழியே. தடம் இருக்கக்கூடும் என்று கருதும் இடத்தைச் சுண்ணாம்புக் கோட்டால் குறித்து, அதன் மேல் ஜே.சி.பி. இயந்திரத்தை விடாமல், பக்கத்தில் குழி எடுத்து, மரக்காம்பு மண்வெட்டியால் பக்கவாட்டில் மெல்ல நெருங்க வேண்டும். கடப்பாரையையும் கூந்தாலியையும் அங்கே ஓங்குதல் ஆகாது. போர்வெல் போடுவோரும் முதல் ஐந்தாறு அடியைக் கையால் தோண்டிப் பார்த்தபின்னரே ரிக் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நம் நாட்டுத் தர விதிப்படி வீட்டு மின்வடம் 75 சென்டிமீட்டர் ஆழத்திலும், 11,000 வோல்ட் வடம் 90 சென்டிமீட்டர் ஆழத்திலும் இருக்க வேண்டும். ஆனால் மனையைச் சமன்செய்தபோது மேல்மண் வழிக்கப்பட்டிருந்தால், வடம் ஒரு சாண் ஆழத்திலும் இருக்கலாம். தோண்டும்போது திடீரென மணல் படுகை, வரிசையாக அடுக்கிய செங்கல், எழுத்துப் பொறித்த வண்ண நாடா ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால், கீழே வடமோ குழாயோ உண்டு. வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

இவ்வளவுக்கும் பின் தவறு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டுவன சில. மின்வடம் வெட்டுப்பட்டால் அனைவரும் விலகிப் போக வேண்டும். கருவியை எடுக்கத் திரும்புதல் கூடாது. நின்றுபோன மின்சாரம் மறுபடியும் ஏற்றப்படலாம். இயந்திரத்தில் இருப்பவர், அது தீப்பற்றாத வரையில், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை இறங்காதிருப்பதே நலம். 1912 என்னும் எண்ணில் பெஸ்காமை அழைக்கலாம். எரிவாயு கசிந்தால் பீடி, அடுப்பு, மோட்டார், மின்விசை எதையும் தொடாமல், காற்று வீசிவரும் திசை நோக்கி விலகி, அக்கம்பக்கத்து வீட்டாரையும் வெளியேற்றி, தொலைவிற் சென்றபின் 112ஐ அழைக்க வேண்டும். துளையை அடைக்கவோ மண்ணால் மூடவோ முயலக் கூடாது; மூடிய வாயு வீடுகளுக்குள் வழி தேடும். குடிநீர்க் குழாய் உடைந்தால் 1916இல் வாரியத்துக்குத் தெரிவிக்கலாம்.

அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே எண்ணை அழைத்தால், தடங்களுக்கு உரியவர்கள் ஆளனுப்பித் தரையில் வண்ணக் கோடிட்டுப் போகிறார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. தோட்டத்தில் ஒரு மரம் நடுவோரும் அழைக்கிறார்கள். அதை அங்கே எவரும் அதிகப்படியான அச்சமாகக் கருதுவதில்லை.

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறும் மரபில் வந்தவர்கள் நாம். தன்னைத் தோண்டுபவரையும் தாங்கும் இயல்பு அதற்கு உண்டுதான். ஆனால் அதற்குள் நாம் புதைத்து வைத்துள்ள மின்சாரத்துக்கும் வாயுவுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. பிழைப்புக்காக மாநிலம் கடந்து வந்த ஒருவர், நம் மனையில் காலையில் இறங்கும் குழியிலிருந்து மாலையில் நலமாக ஏறிவர வேண்டும். அதற்கு நாம் செலவிட வேண்டுவது இரண்டொரு கடிதமும் சில நாள் காத்திருப்புமே.