பூனை பறிக்கும் பாத்தி

ராதாபுரம் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆடு, கோழிக்கு அடுத்த தொல்லை பூனைதான். சாயங்காலம் பாத்தியைக் கொத்தி, கீரை விதை தூவி, மண்ணைத் தட்டிவிட்டுப் போவோம். விடிந்து பார்த்தால் நடுப்பாத்தியில் ஒரு சாண் பள்ளம், பக்கத்தில் கூட்டி மூடிய மண். பத்து நாள் கழித்து அந்தக் குவியலின் ஓரத்தில் மட்டும் கீரை கொத்தாக முளைத்து நிற்கும்.

எல்லாம் மண் செய்கிற வேலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற ஊர்கள் இவை. ஆனி, ஆடியில் காற்றுதான் வீசும். மழை ஐப்பசி, கார்த்திகைக்குத்தான். தேரி மணல்மேட்டை ஒட்டிய செம்மண் அதுவரை பொலபொலவென்று காய்ந்து கிடக்கும். வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியா, வட ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. மண்ணைப் பறித்துக் கழிவை மூடுவது அதன் பிறவிக் குணம். தெருவில் சிமெண்ட், முற்றத்தில் டைல்ஸ் என்று ஆகிவிட்ட பிறகு, நாம் கொத்திவைத்த பாத்தியை விட்டால் அது எங்கே போகும்?

ஆத்திரத்தில் சிலர் செய்கிற காரியம் நெஞ்சைப் பதற வைக்கிறது. மீன் தலையில் எலி மருந்து தடவி வைக்கிறார்கள். அந்துருண்டை, பினாயில், மிளகாய்ப்பொடி என்று ஆளுக்கொன்று தூவுகிறார்கள். பூனை தன் காலை நக்கியே சுத்தம் செய்கிற பிராணி; பாதத்தில் ஒட்டுவதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். பினாயில் வகை ரசாயனத்தை முறிக்கும் சக்தி அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அதே பாத்தியில்தான் நாம் கீரை பறிக்கிறோம், பிள்ளைகள் மண் அளைகிறார்கள். விஷம் வைப்பது குற்றமும்கூட. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வெறும் மண் தெரியாமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். விதை தூவியதும் காய்ந்த பனையோலையையோ கோழிவலையையோ தரையோடு படியப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் நாலு கல் வைக்கலாம். வலையின் வெட்டு முனைகளைக் கீழ்நோக்கி மடித்துவிட வேண்டும். முளை விட்டதும் ஓலையை எடுத்துவிட்டு, நாலு விரல் இடைவெளியில் மொட்டைக் குச்சிகளை ஊன்றினால் பூனைக்குத் திரும்பி உட்கார இடம் இருக்காது. உடைமுள் பரப்புவது ஆட்டுக்கு வேலியாகச் சரி, பாத்திக்குள் வேண்டாம். களை எடுக்கிற நம் கையில்தான் அது முதலில் ஏறும்.

களையில் குப்பைமேனியைக் கவனியுங்கள். அதன் வேர் வாசனைக்குப் பூனை கிறங்கிப் புரளும்; பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. பாத்தி ஓரத்தில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பூனையைத் திட்டிப் பயனில்லை. இடிந்தகரை, கூத்தங்குழி மீன் வருகிற நாளில் செதிலையும் குடலையும் உரக்குழியில் திறந்தபடி கொட்டுவதும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ள வழி, தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் பூனைக்கென்று கொஞ்சம் மணல் கொட்டி வைப்பது. காய்ந்த மணல் கிடைத்தால் ஈரமான, மூடிய பாத்தியை அது பெரும்பாலும் தேடாது. பூனை பக்கத்து வீட்டுடையது என்றால் சுவர் ஓரம் நின்று, “மைனி, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு மணல் குமி போடுவமா?” என்று கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு முன்னால் அந்தப் பேச்சு நடக்கட்டும். ஆறு மாதத்துக்குள்ளேயே குட்டி போடத் தயாராகிவிடும் பிராணி என்பதால் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை பற்றியும் சேர்ந்தே விசாரிக்கலாம்.

அந்த மணலைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். சில பூனைகளின் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கும். வெளியே விழுந்து ஒன்று முதல் ஐந்து நாளில் அது தொற்றும் நிலைக்கு வரும். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட வேண்டும். மண்ணைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவி, கீரையை நாலு தண்ணீரில் அலசிய பிறகே அரிய வேண்டும்.